டிஜிட்டல் வரலாற்று ஆய்வு: பதிவேட்டிலிருந்து தரவு வரை

டிஜிட்டல் முறையில் வரலாற்று ஆய்வு செய்யப் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டும்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம். வரைபடம், வலையமைப்பு, சொல் எண்ணிக்கை எல்லாம் கடைசிக் கட்டத்தில் வருபவை. வேலையின் பெரும்பகுதி, ஆவணத்தைப் பார்த்து அட்டவணையில் ஒரு வரி எழுதும் இடத்தில் நடக்கிறது. அந்த வரியில் எதை எழுதினீர்கள், எதை விட்டீர்கள், எதை ஊகித்தீர்கள் என்று பின்னால் சொல்ல முடியாவிட்டால், அதன்மேல் வரைந்த எந்தப் படத்தையும் யாரும் நம்ப வேண்டியதில்லை.

கேள்வியும் முதல் நூறு பதிவுகளும்

"இந்தத் துறைமுகத்தில் வந்திறங்கிய தொழிலாளர்கள் யார்?" என்ற கேள்வியோடு உட்கார்ந்தால் எதை எண்ணுவது என்றே பிடிபடாது. "1880 முதல் 1900 வரை வந்த தச்சர்களின் சொந்த ஊர்கள் மாறினவா?" என்று கேட்டால், எண்ண வேண்டியது எது, எதோடு எதை ஒப்பிட வேண்டும் என்பது கேள்விக்குள்ளேயே இருக்கும். அடுத்து, அட்டவணையில் ஒரு வரி என்பது எதைக் குறிக்கிறது என்று முடிவு செய்யுங்கள். ஓர் ஆளையா, ஒரு குடும்பத்தையா, ஒரு பயணத்தையா? ஒரே ஆள் மூன்று முறை வந்திருந்தால் அது மூன்று வரியா, ஒரு வரியா? பாதியில் இதை மாற்றினால் முழுவதையும் திரும்ப உள்ளிட வேண்டி வரும்.

பிறகு நூறு பதிவுகளைக் கையாலேயே உள்ளிடுங்கள். அந்த நூறையும் முதல் தொகுதியிலிருந்து எடுக்கக் கூடாது. தொடக்கம், நடு, கடைசி என்று பரவலாக எடுக்க வேண்டும். பதிவேடுகளில் எழுத்தர் மாறுவார், அச்சிட்ட படிவம் மாறும், ஐந்து கட்டங்கள் இருந்த இடத்தில் ஏழு வரும், 'தொழில்' என்ற கட்டம் ஓர் ஆண்டில் சத்தமில்லாமல் காணாமல் போகும். முதல் தொகுதியை மட்டும் பார்த்து அமைத்த அட்டவணை மூன்றாம் தொகுதியில் உடைந்துவிடும். நூறு பதிவுகளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் குறித்து வையுங்கள். மொத்த வேலைக்கு எத்தனை மாதம் பிடிக்கும் என்று நம்பிச் சொல்லக்கூடிய ஒரே கணக்கு அதுதான். நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும்போதும் அது உதவும்.

இணையத்தில் ஏற்கெனவே கிடைக்கும் தொகுப்பைப் பயன்படுத்துவதானால், எது மின்மயமானது, எது ஆகவில்லை என்பதை முதலில் விசாரியுங்கள். செய்தித்தாள் தொகுப்புகளில் நுண்படச்சுருள் (மைக்ரோஃபிலிம்) ஏற்கெனவே இருந்த இதழ்கள், பதிப்புரிமைச் சிக்கல் இல்லாத ஆண்டுகள், பெரிய நகரங்களின் நாளிதழ்கள் ஆகியவையே முந்திக்கொண்டு உள்ளே போயிருக்கும். தேடலில் எதுவும் வரவில்லை என்றால் அது நடக்கவில்லை என்று பொருளாகாது. எந்தத் தளத்தில், எந்த நாளில், எந்தச் சொற்களைத் தேடினீர்கள், எத்தனை முடிவுகள் வந்தன என்று ஒரு தேடல் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தளங்கள் தொடர்ந்து வளர்வதால் அடுத்த ஆண்டு அதே தேடல் வேறு எண்ணைத் தரும்.

காப்பகத்தில் நீங்களே படம் எடுப்பதானால், ஒவ்வொரு கட்டைத் திறக்கும் முன்னும் அதன் மேலட்டையையும் கோப்பு எண்ணையும் ஒரு படம் எடுங்கள். வெற்றுப் பக்கங்களையும் விடாதீர்கள். பின்னால் பக்க எண் தாவும்போது, பக்கம் கிழிந்திருந்ததா அல்லது நீங்கள்தான் விட்டுவிட்டீர்களா என்ற சந்தேகம் வராமலிருக்க அதுவே வழி. கோப்புகளுக்கு 1897-03-12_0004 என்பதுபோல ஆண்டு, மாதம், நாள், வரிசை எண் என்ற அடுக்கில் பெயர் வைத்தால் தாமாகவே கால வரிசையில் நிற்கும். ஆவணப் படங்களைத் தொகுத்துக் குறிப்பெழுத டிராப்பி, நூல்களையும் கட்டுரைகளையும் நிர்வகிக்க ஜோட்டெரோ. இரண்டும் இலவச மென்பொருள்கள். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 1994-இல் தொடங்கிய ரோசென்ஸ்வைக் மையத்தில் உருவானவை. வரலாற்றாசிரியர்களின் தேவையறிந்து அவர்களே உருவாக்கியவை என்பதால் பழகுவது எளிது.

அட்டவணை

பதிவேட்டில் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பெயர் தெளிவாக இருக்கிறது. வயது 34 போலவும் தெரிகிறது, 39 போலவும் தெரிகிறது. தொழில் 'தச்சு'. ஊர்க் கட்டத்தில் 'மேற்படி' என்ற குறி மட்டும். அவசரத்தில் இதை 34, தச்சர், மேற்படி என்று உள்ளிட்டுவிட்டு, பிறகு அட்டவணையைப் பெயர் வரிசையில் அடுக்கினால் என்ன ஆகும்? அந்த 'மேற்படி' இப்போது வேறு யாரோ ஒருவருக்குக் கீழே போய் நிற்கும். அவருடைய ஊர் இவருடைய ஊராகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது.

இதற்கு மருந்து, முக்கியமான ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு நெடுவரிசைகள் வைப்பது. ஒன்றில் மூலத்தில் உள்ளது உள்ளபடி: '34 அல்லது 39', 'மேற்படி'. மற்றொன்றில் உங்கள் முடிவு: 34, முந்தைய வரியின் ஊர்ப்பெயர். பக்கத்தில் உறுதிநிலைக்கு ஒரு நெடுவரிசை. தெளிவாக இருந்தால் 1, ஐயம் இருந்தால் 2, வெறும் ஊகம் என்றால் 3. மேற்படிக் குறிகளையெல்லாம் அடுக்கத் தொடங்கும் முன்பே நிரப்பிவிட வேண்டும். அட்லாண்டிக் அடிமை வணிகக் கப்பல் பயணங்களின் தரவுத்தளம் இந்த ஒழுங்குக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1999-இல் குறுந்தகட்டில் 27,000-க்கும் மேற்பட்ட பயணங்களோடு வெளிவந்து, 2008-இல் இணையத்துக்கு வந்து, இப்போது 36,000-ஐத் தாண்டியிருக்கிறது. அதில் ஆவணத்திலிருந்து எடுத்த மாறிகளும், ஆய்வாளர்கள் கணக்கிட்டு நிரப்பிய மாறிகளும் தனித்தனியே இருக்கின்றன. ஒரு கப்பலில் எத்தனை பேர் ஏற்றப்பட்டார்கள் என்ற எண் ஆவணம் சொன்னதா, மதிப்பீடா என்று எவரும் பிரித்துப் பார்க்கலாம். இத்தனை துயரம் அடங்கிய எண்களில் அந்த நேர்மை கட்டாயம் வேண்டும்.

காலியான கட்டங்களிலும் கவனம் வேண்டும். மூலத்திலேயே காலி, எழுதியிருக்கிறது ஆனால் படிக்க முடியவில்லை, இன்னும் பார்க்கவில்லை ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு செய்திகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி வையுங்கள். தெரியாத வயதுக்கு 0 அல்லது 99 போடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. சராசரி எடுக்கும் நாளில் அது கணக்கைக் கெடுக்கும். ஐயத்தைக் காட்டக் கட்டத்துக்கு மஞ்சள் நிறம் பூசாதீர்கள். சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெற்று உரை அட்டவணையாக) சேமித்தவுடன் நிறம் போய்விடும். கட்டங்களை ஒன்றாக இணைக்கவும் கூடாது. ஒவ்வொரு வரியிலும் என்றும் மாறாத ஒரு வரிசை எண், தொகுதி எண், பக்கம், படக்கோப்பின் பெயர் நான்கும் இருக்க வேண்டும். சந்தேகம் வரும்போது அரை நிமிடத்தில் மூலப் படத்தைத் திறக்க முடிந்தால் அட்டவணை சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

தேதிகள் தனிச் சிக்கல். எக்செல் 1900 ஜனவரி 1-க்கு முந்தைய நாள்களைத் தேதியாகவே ஏற்பதில்லை. 1897-ஐச் சேர்ந்தவை வெறும் எழுத்தாகக் கிடக்கும், 1903-ஐச் சேர்ந்தவை தேதியாக மாறிவிடும், அடுக்கும்போது இரண்டும் இரு குவியலாகப் பிரியும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி நெடுவரிசைகளில் எண்களாக எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. நாள்காட்டியையும் பாருங்கள். பிரிட்டனிலும் அதன் குடியேற்றங்களிலும் 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. அதற்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஆகவே அங்கே 1701 பிப்ரவரி என்று எழுதிய கடிதம், இன்றைய கணக்கில் 1702-ஐச் சேர்ந்ததாக இருக்கலாம். ரஷ்யாவில் 1918 ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. இரு நாடுகளுக்கிடையே போன கடிதங்களை அடுக்கும்போது, பதில் கேள்விக்கு முன்பே வந்ததுபோலத் தெரிந்தால் முதலில் நாள்காட்டியைச் சந்தேகியுங்கள்.

வயதுக் கட்டம் எவ்வளவு நம்பத்தக்கது என்று சோதிக்க விப்பிள் குறியெண் என்ற எளிய கணக்கு உண்டு. 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் வயது 0 அல்லது 5-இல் முடிகிறவர்களை எண்ணி, 5-ஆல் பெருக்கி, மொத்தப் பேரால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். 100 வந்தால் வயதுகள் இயல்பாகப் பரவியிருக்கின்றன. 500 என்றால் எல்லா வயதும் 0 அல்லது 5-இல் முடிபவை. 175-ஐத் தாண்டினால், எழுத்தர் ஆளைப் பார்த்து 30, 35, 40 என்று குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறார் என்று கொள்ளுங்கள். அப்படிப்பட்ட தரவை 30–34 என்று பிரித்தால் 30-இல் குவிந்தவர்கள் அந்தப் பிரிவை வீங்க வைப்பார்கள், 29-க்கு உரியவர்களும் அதில் சேர்ந்திருப்பார்கள். 28–32, 33–37 என்று குவியலை நடுவில் வைத்துப் பிரிப்பது மேல்.

படத்திலிருந்து எழுத்து

அச்சிட்ட பக்கங்களை ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைக் கணினியே படித்தறியும் முறை) மூலம் எழுத்தாக்க, படம் குறைந்தது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்க வேண்டும். பொடி எழுத்துச் செய்தித்தாளுக்கு 400. மென்பொருள் தரும் 'நம்பிக்கை விகிதத்தை' அப்படியே ஏற்காமல் நீங்களே அளந்து பாருங்கள். வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து இருபது பக்கங்களைக் குலுக்கலில் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பத்தியைக் கையால் பிழையின்றி எழுதி, ஓசிஆர் தந்ததோடு ஒப்பிடுங்கள். மாறிய, விடுபட்ட, கூடுதலாக நுழைந்த எழுத்துகளைக் கூட்டி, சரியான பத்தியின் மொத்த எழுத்துகளால் வகுத்தால் கிடைப்பது எழுத்துப் பிழை விகிதம். 2% என்றால் குறைவாகத்தான் தோன்றும். ஆனால் ஆறெழுத்துச் சொல்லில் ஓர் எழுத்தாவது தவறியிருக்க 11% வாய்ப்பு. 5% ஆனால் ஏறத்தாழ நான்கில் ஒரு சொல் தேடலில் அகப்படாது. நடைமுறையில் பிழைகள் சீராகப் பரவுவதில்லை. மங்கிய பக்கங்களிலும் தையலோரத்திலும் குவியும். ஒரு பத்தாண்டின் அச்சு மோசமாக இருந்தால், அந்தக் காலத்தில் உங்கள் சொல் வழக்கொழிந்தது போன்ற பொய்த் தோற்றம் கிடைக்கும். பிழை விகிதத்தைப் பத்தாண்டு வாரியாக அளக்கச் சொல்வது இதனால்தான்.

செய்தித்தாளில் பத்திப் பிரிப்பு தவறுவது இன்னொரு வழக்கமான கோளாறு. இடது பத்தியின் வரியோடு வலது பத்தியின் வரி ஒட்டிக்கொள்ளும். தனிச் சொற்களைத் தேடும்போது இது தெரியாது. 'இந்தச் சொல்லுக்கு அருகே எந்தச் சொற்கள் வருகின்றன' என்று ஆராயும்போது எல்லாம் குழம்பும். சொற்கள் துல்லியமாக இருந்தே ஆக வேண்டுமென்றால் இரட்டைத் தட்டச்சு இன்னும் சிறந்த முறை. இருவர் தனித்தனியே தட்டச்சு செய்து, வேறுபடும் இடங்களை மட்டும் மூலத்தோடு சரிபார்ப்பது. 1674 முதல் 1913 வரையிலான லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்ற விசாரணைப் பதிவுகளில் பழைய பகுதி இப்படித்தான் மின்மயமானது.

தமிழ் அச்சு நூல்களில் பழைய கூட்டெழுத்து வடிவங்களும் (றா, னை, லை போன்றவை) தமிழ் எண்களும் தடுமாற்றம் தரும். ௧ என்ற எண்ணை 'க' என்றே படித்துவிடும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. 'கொ' என்பதை யூனிகோடில் ஒற்றைக் குறியாக வரும் கொம்புக்காலோடும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, எளிய தேடலுக்கு இரண்டும் வேறு. என்எஃப்சி என்ற சீரமைப்பை முழுத் தொகுப்பிலும் ஓட்டினால் இது சரியாகும். 'கௌ' என்பதில் பின்குறிக்குப் பதிலாக 'ள' என்ற எழுத்தையே தட்டியிருந்தால் அந்தச் சீரமைப்பு உதவாது, தனியே தேடித்தான் மாற்ற வேண்டும். தமிழ் சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்து, குப்பை எழுத்துகள் தெரிந்தால் சேமிக்காமல் மூடுங்கள். தரவு இறக்குமதி வழியாக யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்து திறந்தால் எழுத்துகள் ஒழுங்காக வரும்.

கையெழுத்துக்கு டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கருவிகள் உள்ளன. ஒரு கையெழுத்தைப் படிக்கக் கணினி மாதிரியைப் பயிற்றுவிக்க 5,000 முதல் 15,000 சொற்கள், அதாவது சுமார் 25 முதல் 75 பக்கங்கள், கையால் எழுதித் தர வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கைப் பயிற்சியில் சேர்க்காமல் சோதனைக்கு ஒதுக்குங்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் படத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதும் இப்போது பரவலாகிவிட்டது. இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். ஓசிஆர் தவறினால் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல் வரும், பார்த்ததும் தெரியும். இவை தவறினால் பொருள் பொதிந்த, சரளமான, மூலத்தில் இல்லாத சொல் வரும். பழைய எழுத்துக்கூட்டலைச் சொல்லாமலே திருத்திவிடும். பெயர்களையும் தொகைகளையும் ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது.

சுத்தம் செய்தல்

ஒரே ஊர் பத்து விதமாக எழுதப்பட்டிருப்பதைச் சேர்த்துக் காட்டுவதில், தரவைச் சுத்தம் செய்யும் மென்பொருளான ஓப்பன்ரிஃபைனுக்கு இணையில்லை. அதன் 'கிளஸ்டர்' வசதி, நிறுத்தக்குறிகளை நீக்கி, சொற்களை அகர வரிசையில் அடுக்கி, ஒத்துப்போகிறவற்றை ஒரு குழுவாகக் காட்டும். ஊர்ப்பெயருக்கு இது வரம். ஆள்பெயருக்கு ஆபத்து. தந்தை பெயரும் மகன் பெயரும் இடம் மாறி வரும் இரு வேறு ஆள்களை ஒருவராக்கிவிடும். ஆள்களை இணைக்க, பெயரோடு வயது, ஊர், ஆண்டு மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும் என்பதுபோல ஒரு விதியை முன்கூட்டியே எழுதி வைத்து, அதையே எல்லோருக்கும் பின்பற்றுங்கள். மூல நெடுவரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள், நகலெடுத்த நெடுவரிசையில் திருத்துங்கள். ஓப்பன்ரிஃபைன் நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாக வைத்திருக்கும். அதை ஏற்றுமதி செய்து தரவோடு சேர்த்துப் பாதுகாத்தால், எப்படிச் சுத்தம் செய்தீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

எண்ணுவது, வரைவது

சொற்களை ஆராய ஆன்ட்காங்க் அல்லது வோயன்ட் என்ற மென்பொருள் போதும். எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடாமல் 10,000 சொற்களுக்கு எத்தனை என்று மாற்றுங்கள். 1880-ஐவிட 1900-இல் செய்தித்தாள்களின் பக்கங்கள் கூடியிருந்தால் எல்லாச் சொல்லும் கூடத்தான் செய்யும். வரைகோட்டில் மேடு தெரிந்தால், அந்த ஆண்டின் ஐம்பது இடங்களையாவது சூழலோடு படித்துப் பாருங்கள். ஒரே விளம்பரம் தினமும் அச்சானதால் வந்த மேடாக இருப்பது அடிக்கடி நடப்பது.

பழைய வரைபடத்தைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இன்றைய நிலத்தின்மேல் பொருத்த, முதல்படி உருமாற்றத்துக்கு (படத்தை நீட்டி, சுழற்றிப் பொருத்துவது) மூன்று புள்ளிகளும் இரண்டாம்படிக்கு (வளைத்தும் பொருத்துவது) ஆறும் குறைந்தபட்சத் தேவை. பத்துப் பன்னிரண்டு வைத்து, நான்கு மூலைகளுக்கும் பரப்புங்கள். ஒரு பக்கமாகக் குவித்தால் மறுபக்கம் இழுபட்டு விலகும். ஆற்றங்கரை நகர்ந்திருக்கும், கோயிலும் தேவாலயமும் பாலமும் பெரும்பாலும் நகர்ந்திருக்காது. அவற்றைப் புள்ளியாகக் கொள்ளுங்கள். உங்கள் ஊர்களெல்லாம் கடலில் போய் விழுந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன.

கெஃபி என்ற வலையமைப்பு மென்பொருளில் கடிதப் போக்குவரத்தை வலையமைப்பாக வரைந்தால், யாருடைய தாள்கள் காப்பகத்தில் தப்பிப் பிழைத்தனவோ அவரே நடுநாயகமாகத் தெரிவார். அது அவருடைய செல்வாக்கா, அவருடைய வாரிசுகளின் அக்கறையா என்று படம் சொல்லாது. அவருடைய தொகுப்பை எடுத்துவிட்டு மறுபடி வரைந்து, என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

நிரல் எழுதுவது எப்போது தேவை?

ஒரே வேலையை நூறு கோப்புகளுக்குக் கையால் செய்யும் நிலை வரும்போது. பைத்தான், ஆர் என்ற இரண்டு நிரல் மொழிகளில் உங்களோடு பணிசெய்கிறவர்களுக்குத் தெரிந்ததை எடுங்கள். கோப்புறையில் உள்ள கோப்புகளைத் திறப்பது, உரையில் ஒரு வடிவத்தைத் தேடுவது, எண்ணுவது, சிஎஸ்வியாக எழுதுவது ஆகிய நான்கும் கைவந்தால் முதல் ஆண்டுக்குப் போதும். வடிவத் தேடலை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) இன்றே எந்த நல்ல உரைதிருத்தியிலும் அந்தத் தேர்வை இயக்கிப் பழகலாம்: 1[789][0-9][0-9] என்று தேடினால் 1700 முதல் 1999 வரையிலான ஆண்டுகள் எல்லாம் வரும். 1850 ரூபாய் என்ற தொகையும் சேர்ந்தே வரும், அதைப் பிரிப்பது உங்கள் வேலை. 2008-இல் தொடங்கிய 'புரோகிராமிங் ஹிஸ்டோரியன்' தளத்தில், சக ஆய்வாளர்கள் மதிப்பாய்வு செய்த பாடங்கள் இலவசமாக உள்ளன. அவற்றை வரிசையாகப் படித்து முடிக்கப் பார்க்காமல், கையிலுள்ள தரவுக்குத் தேவையான பாடத்தை எடுத்துச் செய்யுங்கள். மாதிரித் தரவில் ஓடுகிற நிரல் உங்கள் தரவில் எங்கே தடுக்கி நிற்கிறது என்று பார்ப்பதில்தான் கற்றல் நடக்கிறது.

பாதுகாப்பும் வெளியீடும்

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். வெளியிடும்போது தரவை எளிய வடிவங்களிலேயே வையுங்கள்: சிஎஸ்வி, வெற்று உரை, படங்களுக்கு டிஃப். அடோபி ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தபோது, அதில் கட்டிய பல வரலாற்றுத் தளங்கள் ஒரேயடியாகத் திறக்க முடியாதவை ஆயின. அழகான இணையதளத்தை விரும்பினால் கட்டுங்கள், ஆனால் தரவை அதிலிருந்து பிரித்து, ஜெனோடோ போன்ற களஞ்சியத்தில் நிலையான அடையாள எண்ணோடு சேருங்கள். அத்துடன் ஒரு தரவு அகராதியும் இருக்க வேண்டும்: ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பொருள், குறிகளின் விளக்கம், எந்தத் தொகுதிகள் கிடைக்கவில்லை, ஆள்களை இணைத்த விதி, பிழை விகிதம், பயன்பாட்டு உரிமம்.

எல்லாவற்றையும் வெளியிட்டே தீர வேண்டும் என்பதில்லை. உயிரோடிருப்பவர்கள், மனநல மருத்துவமனைப் பதிவுகள், சிறார் குற்ற வழக்குகள் என்றால் பெயர்களை நீக்கி வெளியிடுவதா, அணுகலைக் கட்டுப்படுத்துவதா என்று காப்பகத்தோடும் சம்பந்தப்பட்ட சமூகத்தோடும் பேசி முடிவெடுங்கள். அரசு எழுத்தர் ஒரு மனிதர்மேல் ஒட்டிய இழிவான வகைப்பெயரை மூல நெடுவரிசையில் வைத்திருக்கலாம். உங்கள் வரைபடத்தின் தலைப்பில் அது வர வேண்டியதில்லை.

இந்த உழைப்பு பதவி உயர்விலும் ஆய்வு மதிப்பீட்டிலும் கணக்கில் வர வேண்டுமானால் துறையோடு தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். அமெரிக்க வரலாற்றுக் கழகம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறைகளை அந்தப் பேச்சுக்கு ஆதாரமாக எடுத்துப் போகலாம். கட்டுரையில் தரவின் பதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள். வெளியான பிறகு யாராவது ஒரு வரி தவறு என்று சுட்டிக்காட்டினால், மூலப் படத்தைத் திறந்து பார்த்து, திருத்தி, மாற்றத்தைக் குறித்து, 1.0-ஐ 1.1 ஆக்கி, கணக்கை மறுபடி ஓட்டி, முடிவு மாறியதா என்று அதே பக்கத்தில் எழுதுங்கள். பழைய பதிப்பை அழிக்காதீர்கள், அதை மேற்கோள் காட்டியவர்களுக்கு அது தேவைப்படும்.